பதினோரு நிமிடம்

ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் கழித்து, சென்ற ஆண்டு எனக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. தினம் மாலை ஐந்து மணிக்கு டைம்பீஸை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே என் தங்கையின் பேத்தி மடிக்கணினியில் கேள்விகளுக்கு விடை போடுவாள். ஐம்பது நிமிடம் ஆனதும் நான் மேசையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

பேத்தி பி.எஸ்சி. நர்ஸிங் படித்தவள். தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்று வருஷம் வார்டில் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் நர்ஸாக வேலை செய்ய வேண்டுமானால் என்கிளெக்ஸ் என்று ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். சென்னையிலேயே எழுதலாம். பதிவுக்கு 200 டாலர். அந்த நாட்டுக்கு வெளியே எழுதுகிறவர்களுக்கு மேற்கொண்டு 150 டாலர், அதற்கு மேல் வரி. அவள் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. முதல் முறை எழுதினாள். தேறவில்லை.

தோற்றவளைச் சமாதானப்படுத்தத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அங்கே இந்தத் தேர்வின் விதிகளை அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நாம் எழுதிய பரீட்சை எதுவும் இப்படிக் கிடையாது.

மொத்தம் ஐந்து மணி நேரம். கேள்விகள் எத்தனை என்று உள்ளே போகும்போது யாருக்கும் தெரியாது. குறைந்தது 85, அதிகம் 150. சரியாகப் போட்டால் கணினி அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். தப்பாகப் போட்டால் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும். இவள் தேறியவள் அல்லது தேறாதவள் என்று 95 சதவீதம் நிச்சயம் ஆனதும் தானாகவே நின்றுவிடும். ஆகவே 85-லேயே நின்றால் பாஸ் என்றும் சொல்ல முடியாது, ஃபெயில் என்றும் சொல்ல முடியாது. எவ்வளவு நன்றாகப் படித்தவளுக்கும் கேள்விகள் கஷ்டமாகத்தான் தெரியும். அவரவர் அளவுக்குப் பார்த்துத்தானே கணினி கொடுக்கிறது!

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று: விடை கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், பழையதற்குத் திரும்பவே முடியாது. தெரியாததை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வந்து பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. ஒன்றைப் போட்டால்தான் அடுத்தது வரும்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்துத் 'திக்தே' ஞாபகம் வந்தது. என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு, அதிலும் பிரெஞ்சு வகுப்பில் படித்தவர்களுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். வாத்தியார் ஒரு பத்தியைப் பிரெஞ்சில் படிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழை விழுந்தால் இருபதுக்குப் பூஜ்யம். ஒரு சொல்லுக்கு 'எஸ்' போடுவதா, விடுவதா என்று யோசித்து நின்றோமானால் அதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். ஒரு எழுத்தைக் காப்பாற்றப் போய் ஒரு வரியையே இழந்துவிட்டு உட்கார்ந்திருப்போம். நான் அப்படி எத்தனையோ வரிகளை இழந்திருக்கிறேன். ஆனால் எங்களுக்குக் கடைசியில் 'ரெலிசே' என்று ஒரு கருணை உண்டு. திரும்பப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். இவளுக்கு அதுவும் கிடையாது.

"எங்கேம்மா நேரம் போச்சு?" என்று கேட்டேன். கருவூலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பில் பார்த்தவன். மார்ச் 31 அன்று பில் கட்டுகள் மேசையில் மலையாகக் குவிந்திருக்கும். எங்கள் சூப்பிரண்டெண்ட் அடிக்கடி சொல்வார், "ஒரு பில்லுக்காக நூறு பில்லைச் சாகடிக்காதே" என்று. நேரம் எங்கே கசிகிறது என்று தேடுவது எனக்குப் பழகிய வேலை.

கணக்குப் போட்டோம். 300 நிமிடம், 150 கேள்வி. கேள்விக்கு இரண்டு நிமிடம். இரண்டு மணி நேரம் ஆனால் 60 கேள்வி முடிந்திருக்க வேண்டும். இவள் முடித்திருந்தது 41. பயந்துபோய் அதன் பிறகு ஓடியிருக்கிறாள். கடைசி ஒரு மணி நேரத்தில் கேள்வியைப் பாதி படித்ததும் விடையைத் தட்டினாளாம். 140-ஐத் தாண்டிவிட்டாள்; தாண்டி என்ன பயன்? வரிசையாகத் தப்பு விழ விழ, அதுவரை ஏறியிருந்த மதிப்பு இறங்கிக்கொண்டே வந்திருக்கும்.

"ஆரம்பத்துல ஏன் அவ்வளவு மெதுவா போனே? தெரியாத கேள்வியா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், "கேள்வியை வெளியே சொல்ல மாட்டேன்னு ஒப்புதல் கொடுத்திருக்கேன் தாத்தா, அதனால அதைச் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு விடை தெரியாம இல்ல. பார்த்தவுடனே தெரிஞ்சுது. இருந்தும் அந்த ஒரு கேள்வியில பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்."

கேள்வியை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தன் வார்டில் நடந்ததைச் சொன்னாள்.

இரவு டியூட்டி. வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒருவர், என் வயதுக்காரர். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். தூக்கம் வரவில்லை, என்னமோ மாதிரி இருக்கிறது என்றார். நாடி சற்று வேகம். ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. வலி என்று நினைத்து, டாக்டர் எழுதியிருந்த வலி மருந்தைக் கொடுத்துவிட்டு, மூச்சுத் திணறிய இன்னொருவரிடம் போய்விட்டாள். விடியும்போது இவருடைய அழுத்தம் சரிந்துவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. காப்பாற்ற முடியவில்லை. அழுத்தம் விழுவதற்கு முன்பே நாடி வேகமாவதும் மனிதர் அமைதியில்லாமல் புரள்வதும் ரத்தக் கசிவின் முதல் அறிகுறிகள். அது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அவளும் படித்திருக்கிறாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அந்த இரவு அவள் பொறுப்பில் எத்தனை படுக்கைகள் இருந்தன என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாலு நோயாளி கொடுத்து, முதல்ல யாரைப் போய்ப் பார்ப்பேன்னு கேட்கிறதுதான் இந்தப் பரீட்சையே. எந்தக் கேள்வியிலயும் அவர்தான் படுத்திருக்கார் தாத்தா" என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மருத்துவம் தெரியாத கிழவன் நான். "உன் மேல தப்பில்லை" என்று சொல்லலாம். அதை ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், கேட்டு அலுத்திருப்பாள். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க யோசித்தேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. 'புரூயோன்'. பரீட்சையில் விடைத்தாளோடு வரைவுத்தாளும் கொடுப்பார்கள். முதலில் அதில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகுதான் விடைத்தாளில் சுத்தமாக எழுத வேண்டும். வரைவுத்தாளுக்கு மதிப்பெண் கிடையாது, யாரும் படிக்கவும் மாட்டார்கள். ஆனால் அது இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். "அம்மாடி, அந்த ராத்திரியில் நடந்ததை எல்லாம் இதில் எழுது. மணி பார்க்காதே. யாரும் படிக்கப் போவதில்லை, நானும் படிக்க மாட்டேன். இதுதான் புரூயோன். பரீட்சையில் இதை எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுது" என்றேன். நான்கு நாள் எழுதினாள் என்று அவள் அம்மா சொன்னாள். நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் டைம்பீஸ் வேலை தொடங்கியது. தோற்றால் குறைந்தது 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். பணம் சேர்த்து, அனுமதி வந்து, தேதி கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் நாங்கள் பழகியவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது எழுதுவதாக இருந்தால் உதவும்.

ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பயம்தான் வரும். 25 கேள்விக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். 25 முடிந்தால் 50 நிமிடம், 50 முடிந்தால் 100 நிமிடம், 75 முடிந்தால் 150 நிமிடம். நான் மேசையைத் தட்டும்போது அவள் எத்தனையாவது கேள்வியில் இருக்கிறாள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வேன். முதல் வாரம் 17, 18 என்றுதான் இருந்தது.

இரண்டு நிமிடம் என்பது சராசரி. சில கேள்வி முக்கால் நிமிடத்தில் முடியும். ஒரே நோயாளியைப் பற்றித் தொடர்ந்து ஆறு கேள்வி கேட்கும் பகுதிகள் உண்டு. அதில் நர்ஸின் குறிப்பு, ரத்தப் பரிசோதனை என்று தனித்தனியாகத் திறந்து படிக்க வேண்டும். அதற்கு நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கும். சின்னக் கேள்வியில் மிச்சம் பிடித்துப் பெரிய கேள்விக்குச் செலவழிக்க வேண்டும், நம் மாத பட்ஜெட் மாதிரி.

85-ல் முடிந்துவிடும் என்று நம்பிப் போகக் கூடாது. 150 வரை போகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் 86-ஆவது கேள்வி வந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

இரண்டு மணி நேரத்திலும் மூன்றரை மணி நேரத்திலும் வேண்டுமானால் இடைவேளை எடுக்கலாம் என்று கணினியே சொல்லும். அந்த நேரமும் ஐந்து மணிக் கணக்கில்தான் சேரும் என்பதால் முதல் முறை அவள் எழுந்திருக்கவே இல்லை. இந்தத் தரம் எழுந்து முகம் கழுவிவிட்டு வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. இரண்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஒரு கேள்வி பிடித்து வைத்தால், இருப்பதில் நல்ல விடையைப் போட்டுவிட்டு, சுட்டியிலிருந்து கையை எடுத்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த கேள்வியைப் பார்க்க வேண்டும். வேகம் காட்டுவதற்காக இல்லை. அடுத்த கேள்வியிலும் ஒரு நோயாளி படுத்திருக்கிறார், அவரும் காத்திருக்கிறார். இதை நான் சொல்லவில்லை, ஒரு நாள் மாலை அவளாகவே சொன்னாள். அந்த வாரம் நான் தட்டியபோது எண் 24-ல் இருந்தது.

தேர்வு நாளன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் பஸ்ஸில் போனோம். உள்ளங்கையின் ரத்த நாளத்தைக்கூடப் படம் பிடித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கைக்கடிகாரம், கைபேசி எதுவும் கூடாது. அவள் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரம் தாண்டி வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எங்கேயாவது நின்னியா?"

"ஒரு இடத்துல தாத்தா. அரை நிமிஷம்" என்றாள். கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

தேறிவிட்டாள். விசா எப்போது வரும் என்று தெரியவில்லை. அதற்கு எந்தக் கடிகாரமும் உதவாது. வளையல்களில் ஒன்று வீட்டுக்குத் திரும்பிவிட்டது. இப்போது மறுபடியும் வார்டுக்குப் போய்வருகிறாள். இரவு டியூட்டியில், தூக்கம் வராமல் புரளுகிறவர்களின் படுக்கைப் பக்கம் முதலில் போய் நிற்கிறாளாம். அவள் அம்மா சொன்னாள். டைம்பீஸ் மேசை மேலேயே இருக்கிறது. மாலை ஐந்து மணி ஆனால் என் கண் அதன் பக்கம் தானாகப் போகிறது.