கடல் கடந்த நோன்புக் கஞ்சி

பொருள் தேடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் மைந்தனையோ கணவனையோ அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த இல்லங்கள் பல. பயணப் பெட்டியில் துணிமணிகளுக்கு இடையே ஊறுகாயும் மசாலாத் தூளும் தவறாமல் இடம்பெறும். சில வாரங்களில் அவை தீர்ந்துவிடும். அதன் பின்னரே நாக்கு ஊரைத் தேடத் தொடங்குகிறது.

அந்தத் தேடலுக்கு விடை தரும் இடங்களுள் ஒன்று, சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். தமிழகக் கடற்கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் 1826ஆம் ஆண்டில் நிறுவியது அது. சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் மாதத்தில் அங்கு நோன்பு திறக்கும் வாய்ப்பு எளியேனுக்குக் கிட்டியது.

அஸர் தொழுகைக்குப் பின் பெரிய தேக்சாக்களில் கஞ்சி காத்திருந்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால், ரம்பை இலை ஆகியவற்றின் மணம் நம் ஊர்ப் பள்ளிவாசலையே கண்முன் நிறுத்தியது. மலாய்ச் சகோதரர்களும் தூக்குப் பாத்திரங்களுடன் வரிசையில் நின்றனர்.

அருகில் அமர்ந்திருந்தவர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கட்டுமானத் தொழிலாளி. உணவுக்கு அங்கு குறைவில்லை என்றும், ‘இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?’ என்று கேட்பதற்கு ஆளில்லை என்பதே குறை என்றும் அவர் கூறினார். ரமளான் முப்பது நாளும் அவ்வாறு கேட்கும் ஒருவர் இங்கு கிடைக்கிறார் என்றார். 2020ஆம் ஆண்டு ரமளானில் கொரோனாத் தொற்றினால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன; தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டோருக்கு உணவுப் பொட்டலங்கள் வந்தன. வயிறு நிறைந்தது, அந்தக் கேள்விதான் வரவில்லை.

ஊரில் இருப்போர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. நெடுங்காலம் கழித்துத் திரும்பி வருபவருக்கு இங்கும் ஓர் ஏக்கம் தொடர்கிறது. ஆற்றி இழுத்த ‘தே தாரிக்’ தேநீரையும், பினாங்கின் ‘நாசி கண்டார்’ சோற்றையும் அவர் நாக்கு தேடும். நம் மக்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தண்டில் சுமந்து விற்றதால் ஏற்பட்ட பெயர் அது. கீழக்கரையின் புகழ்பெற்ற தொதலுக்கும் மலாய் மக்களின் ‘டோடோல்’ பெயரே வாய்த்திருக்கிறது. ஏக்கம் இரு கரைகளிலும் உண்டு. அதனால் இரு கரைச் சமையலும் வளம் பெற்றிருக்கிறது.

இன்று நம் ஊர்களிலேயே அயலவர் வாழ்கின்றனர். வங்காளம், பீகார், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நம் பள்ளிவாசல்களில் நோன்பு திறக்கின்றனர். வங்காளச் சகோதரருக்கு நோன்பு திறப்பென்றால் பொரியும் கொண்டைக்கடலையும் நினைவுக்கு வரும். வெந்தயம் மணக்கும் நம் கஞ்சி அவருக்குப் புதிது.

சென்ற ரமளானில் எங்கள் மதரஸா மாணவர்கள் கஞ்சிக் கோப்பைகளுக்கு அருகில் ஒரு தட்டில் பொரியும் கடலையும் வைத்தனர். செலவு மிகச் சொற்பம். மூலையில் தனித்து அமர்ந்திருந்த நால்வர் மறுநாள் முதல் நம்மவருடன் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தனர். வாசகச் சகோதர சகோதரிகளே, வரும் ரமளானில் உங்கள் மஹல்லாவிலும் அத்தகைய தட்டு ஒன்று இடம்பெறட்டும். அக்கரையில் நம் பிள்ளைகளுக்கும் எவரோ ஒருவர் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறார்.