வெந்நீர் அடுப்பும் ஜெர்மனி வால்வும்

அப்பாவோட பழைய மர்பி ரேடியோவுக்கு ஒரு வால்வு, ஜெர்மனிக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்கினேன் மக்களே. உத்திரமேரூர் வந்து சேர்ந்தப்போ கண்ணாடி விரிசல். பணத்தைத் திருப்பிக் கேட்டா, "பார்சல் பெட்டியோட போட்டோ அனுப்பு"ங்கிறார். பெட்டிதான் அம்மாவோட வெந்நீர் அடுப்புல எரிஞ்சு போச்சே!

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். சரி, 1,800 ரூபாய்க்காக மனுஷனை காஞ்சிபுரத்துக்கு இழுக்கிறதா? கணக்கு காட்டாதவன் வாரியத்துக்கு வரக்கூடாதுன்னு பராந்தக சோழன் காலத்துலயே கல்லுல வெட்டி வெச்ச ஊர்ல பொறந்துட்டு, ஆதாரத்தை எரிச்சுட்டு நிக்கிறேன்.. ஹி ஹி.

கடைசியில உள்ளதை உள்ளபடி எழுதி, அடுப்பையே போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் பாதிப் பணம் வந்துச்சு. கூடவே ஒரு வரி: "குளியல் சூடா இருந்துச்சா?"

ரேடியோ இன்னும் பேசல. அப்பா மட்டும் தினமும் சாயந்திரம் அதைத் துடைச்சு வெச்சுட்டுப் போறார்.