அற்புதம் இன்றும் உண்டா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



போன வருடம் நம் காலேஜ் பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம், அற்புதங்கள் நடக்கும், அனைவரும் வருக என்று. அதைப் பார்த்துவிட்டு டிராயிங் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நண்பன் கேட்டான்: "ஏண்டா, நீ கிறிஸ்டியன்தானே? இதெல்லாம் நிஜமாவே இப்பவும் நடக்குதா?" நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. நான் தப்பித்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்விக்கே பதில் எழுதினால் என்ன என்று தோன்றியது. கேட்டவன் இதைப் படிப்பானா என்பது சந்தேகம்தான். அவன் மலரில் குரூப் போட்டோ மட்டும் பார்க்கிற ஆள்!

எங்கள் ஊர் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குபவர். அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் கோலம் போடுவது மாதிரி மெதுவாக எழுதுவாள். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் கரண்டு பில், ரேஷன் கார்டு, கடன் நோட்டு, பைபிள் எல்லாவற்றையும் வீட்டில் வாசிக்கிற வேலை மூன்றாம் வகுப்பிலிருந்தே என்னுடையது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு அதிகாரம் வாசிக்க வேண்டும். அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டே கேட்பாள். பசி அதிகமானால் நான் 117-ஆம் சங்கீதத்தை எடுத்துவிடுவேன். அதில் இரண்டே வசனம்தான்! "எய்யா, நேத்தும் இதத்தானே வாசிச்ச?" என்று அம்மா பிடித்துவிடுவாள்.

2022 ஆகஸ்டில் அப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. சளியைப் பரிசோதித்ததில் டி.பி. என்று வந்தது. மருந்து அரசாங்கத்தில் இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, ஆக ஆறு மாதம். டி.பி. என்றால் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னைதான். 1956-ல் அங்கே ஆய்வு மையம் ஆரம்பித்து, 1959-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். அப்பா எங்கள் திண்ணையில் இருந்துகொண்டே மாத்திரை போட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

நர்ஸ் அக்கா சிகிச்சை அட்டையை என் கையில்தான் கொடுத்தார். "தம்பி, இருமல் நின்னாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாதியில விட்டா கிருமி பழகிரும். அப்புறம் மருந்துக்கு அடங்காது. சிறுநீர் சிவப்பா போகும், பயப்படாதீங்க. அது ரிஃபாம்பிசின் மருந்தோட நிறம்தான்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இரண்டு மாதத்தில் அப்பா தேறிவிட்டார். இருமல் நின்றது, கன்னம் கொஞ்சம் ஏறியது. அக்டோபர் கடைசியில் எங்கள் ஊரில் பந்தல் போட்டு ஒரு கூட்டம். நாங்கள் சி.எஸ்.ஐ. சபைதான், ஆனாலும் எந்தக் கூட்டம் நடந்தாலும் அம்மா முதல் வரிசையில் இருப்பாள். வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்திருந்தார். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அவர் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு, இங்கே நெஞ்சில் வியாதியோடு ஒரு சகோதரர் இருக்கிறார், இன்றோடு அது முடிந்தது, இனி அவருக்கு மருந்து தேவையில்லை என்று ஆவியானவர் சொல்கிறார் என்றார். அம்மா அப்பாவை முன்னே தள்ளினாள். அவர் அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். நானும் கையை உயர்த்தி அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை நண்பர்களே.

மறுநாளிலிருந்து மாத்திரை நின்றது. இரண்டே நாளில் சிறுநீரின் சிவப்பும் போய்விட்டது. "பாத்தியாலே! செவப்பு போயிட்டு, சீக்கும் போயிட்டு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சிவப்பு ஏன் போனது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மாவின் விசுவாசத்தைக் கெடுத்தவன் ஆவேனோ என்று பயம். இன்னொன்றும் உண்டு. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

நர்ஸ் அக்கா அடுத்த முறை வந்தபோது வாசலில் நான்தான் நின்றேன். "அப்பா ஒழுங்கா மாத்திரை போடுதாரா தம்பி?" என்று கேட்டார்.

"போடுதார்க்கா" என்றேன்.

டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. இந்தப் பொய்யை எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

2023 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா இருமியபோது ரத்தம் வந்தது. எனக்கு பப்ளிக் பரீட்சை நெருங்கியிருந்த சமயம். ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டியிலிருந்த அட்டைகளையெல்லாம் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் அப்பாவைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "வீட்டுல படிச்ச பையன் நீதானே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

கிருமி மருந்துக்கு அடங்குமா, அடங்காதா என்று பார்க்க சளியை மெஷினுக்கு அனுப்பினார்கள். அடங்காது என்று வந்தால் வேறு மருந்து, அதிக பக்கவிளைவு, நீண்ட போராட்டம். மறுநாள்தான் முடிவு கைக்கு வந்தது. அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். பழைய மருந்துக்கே அடங்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. காலையில் ரிசல்ட் வந்தது. அடங்கும்! டாக்டர் அப்பாவைப் பார்த்து, "நீங்க அதிர்ஷ்டக்காரர்" என்றார். அம்மா, "கர்த்தர் செஞ்ச அற்புதம்" என்றாள். சளியை எடுத்துக்கொண்டுபோன பிறகுதான் நான் ஜெபித்தேன். கணக்குப்படி பார்த்தால் அதற்கு முன்பே அந்தக் கிருமியின் குணம் முடிவாகிவிட்டது. அது தெரிந்தும் நன்றி சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

அந்த ஊழியக்காரருக்கு போன் போட்டுத் தரச் சொன்னாள் அம்மா. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வரி: "வீட்டுல யாருக்கோ விசுவாசம் குறைஞ்சிருக்கு சிஸ்டர்." அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்று ராத்திரி என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அப்பா குணமாகவில்லை என்பதை விட இதுதான் எனக்கு ஆறவில்லை. மூன்று மாதம் முழங்காலில் நின்ற பொம்பளை மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பரீட்சை முடிந்த லீவில், எங்கள் ஊரில் ரிட்டயர்டாகி இருக்கும் வயதான ஐயர் ஒருவரிடம் போனேன். (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) "இது இன்னிக்கு நேத்துக் கேள்வி இல்லடே" என்று சிரித்துவிட்டு சில புத்தகங்களைக் காட்டினார். அங்கே வைத்துத்தான் இதைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருப்பது எனக்குத் தெரிந்தது.

முதல் கட்சி: அற்புத வரங்கள் அப்போஸ்தலர்கள் காலத்தோடு நின்றுவிட்டன, அவர்கள் தேவனால் அனுப்பப்பட்டவர்கள் என்று காட்டவே அவை தரப்பட்டன என்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த வார்ஃபீல்டு 1918-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஏதோ கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். ஆனால் அவர் மனைவி பல வருடம் நோயாளி, கூடவே இருந்து கவனித்தவர் அவர் என்று ஐயர் சொன்னதும் அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. சீக்காளி இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கட்சி: வரங்கள் நிற்கவே இல்லை என்கிறது. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் பெரிய எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. சுகமளிக்கும் வரத்தை நம்பிய அவர் கடைசி வரை ஒற்றைக் கண்ணோடுதான் ஊழியம் செய்தார். இதற்கெல்லாம் 46 வருடம் முன்பே, 1860-ல், அன்றைய நம்ம திருநெல்வேலி ஜில்லாவில் கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன் நடத்திய எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் இருந்தன. இதை எங்கள் ஊரில் யாரும் எனக்குச் சொன்னதில்லை! கொஞ்ச காலம் கழித்து திருவிதாங்கூரில் யுஸ்துஸ் யோசேப்பு என்பவர், 1881-ல் கிறிஸ்து வந்துவிடுவார் என்று அறிவித்து ஒரு கூட்டத்தையே சேர்த்தார். 1881 வந்தது, போனது.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் அகஸ்டின். அற்புதங்கள் அந்தக் காலத்தோடு போயின என்று முதலில் எழுதியவர், வயதான காலத்தில் மனம் மாறினார். பிஷப்பாக இருந்த ஹிப்போ நகரத்தில் நடந்தவற்றை விசாரித்து எழுதி வைக்கச் செய்தார். இரண்டு வருடத்துக்குள் எழுபதை நெருங்கிவிட்டது என்று 'கடவுளின் நகரம்' நூலின் 22-ஆம் புத்தகத்தில் குறித்திருக்கிறார். மனம் மாறியதை விட, விசாரித்து எழுதி வைத்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வரங்கள் ஒழியும், நிறைவானது வரும்போது ஒழியும் என்று 1 கொரிந்தியர் 13-ல் பவுல் சொல்கிறார். அந்த நிறைவு என்பது முழுமையான புதிய ஏற்பாடுதான் என்பது முதல் கட்சிக்காரர்களில் சிலர் வாதம். இதை அம்மாவிடம் விளக்கினேன். "அப்ப ஆண்டவரை நேருக்கு நேரா பாப்போம்னு அதே இடத்துல வருதே, பாத்தாச்சாலே?" என்று கேட்டாள். எழுத்து தெரியாதவளின் கேள்விக்கு நான் புரட்டிய புத்தகம் எதிலும் பதில் இல்லை. நான் அம்மா கட்சி.

ஆனால் நம்ம மெட்ராலஜி லேபில் 'கோ, நோ-கோ' கேஜ் இருக்கிறதே, அதே மாதிரி ஒன்று பைபிளில் இருப்பதைப் பார்த்து அசந்துபோனேன். உபாகமம் 18-இல், ஒருவன் கர்த்தர் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று இருக்கிறது. உபாகமம் 13-இல், சொன்னது நடந்தே விட்டாலும் அவன் உங்களைத் தேவனை விட்டுத் திருப்பினால் கேட்காதே என்று இருக்கிறது. ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இரண்டும் பார்த்தால்தான் பீஸ் பாஸ்! தீர்க்கதரிசனத்தை அற்பமாக நினைக்காதீர்கள், அதே சமயம் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5-இலும் அடுத்தடுத்து வருகிறது. எங்கள் பந்தலில் யாரும் எதையும் சோதிக்கவில்லை. மைக் சத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

சுகம் விஷயத்திலும் அப்படியே. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகப்படுத்தி, நேரே போய் ஆசாரியனிடம் உன்னைக் காண்பி என்கிறார். உடம்பைப் பார்த்துச் சுத்தமா இல்லையா என்று சொல்வது அன்று ஆசாரியன் வேலை. அந்தக் காலத்துச் சளிப் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்களேன். தாமே சுகப்படுத்தியதை இன்னொருவரிடம் காட்டச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருட ஆயுசு என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். சொன்ன கையோடு அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின் மேல் பூசவும் சொன்னார். இதையெல்லாம் நான் சின்ன வயதிலேயே சத்தமாக வாசித்திருக்கிறேன். பசியில் வாசித்தால் மண்டையில் ஏறுமா?

ஆகவே பஸ் ஸ்டாப்பில் கேட்ட நண்பனுக்கு: நடக்குதுடா, நான் நம்புகிறேன். ஆனால் சுகமானவரை டாக்டரிடம் காட்டாதே என்று சொல்லும் கூட்டத்துக்கு என் அம்மாவை நான் இனி அனுப்ப மாட்டேன்.

அப்பா 2023 ஆகஸ்டில் மருந்தை முழுவதும் முடித்தார். ஆறு மாதமும் தினமும் மாத்திரையை என் கையால் கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்த்தேன். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இப்போது அவரால் மூட்டை தூக்க முடியாது. அதே மில்லில் எடை போடுகிறார். எண்களைப் படிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அம்மா இன்னும் கூட்டத்துக்குப் போகிறாள். போன மாதம் ஜெபக்கூட்டத்தில் ஓர் அக்கா, உங்கள் மகன் கடல் கடந்து வேலைக்குப் போவான் என்று தீர்க்கதரிசனம் சொன்னாராம். சனிக்கிழமை நான் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனதும் அம்மா பைபிளின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவோடு நீட்டினாள்.

"சொன்ன தேதியையும், சொன்னவ பேரையும் எழுதுய்யா. நடக்குதான்னு பாப்போம்."