முதலில் டயர், பிறகுதான் பார்

மைவி கார் நிற்காத தாமான் இந்த நாட்டில் உண்டா? 2005-ஆம் ஆண்டு பெரோடுவா இதை அறிமுகப்படுத்தியது. முதல் தலைமுறை மைவிகள் இன்னமும் எங்கள் ஈப்போ சாலைகளில் சளைக்காமல் ஓடுகின்றன. வேலைக்குப் போகத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர் முதலில் வாங்குவதும் இரண்டாம் கை மைவியைத்தான். வாங்கிய மறுமாதமே, "இதுல என்ன போடலாம்?" என்ற ஆராய்ச்சி ஆரம்பமாகிவிடும்.

என் தம்பியும் அப்படித்தான். அவனுக்கு 23 வயது. தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிம்பாங் பூலாய் வழியாக புந்தோங் வீட்டுக்கு வருவான். மலைப்பாதை, மழை, மூடுபனி, எதிரே காய்கறி லாரி. அவன் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தால், வாசலில் கார் சத்தம் கேட்கும்வரை அம்மா படுக்க மாட்டார்.

அந்தத் தம்பிதான் ஒருநாள், "கா, பின்னாடி ஸ்டெபிலைசர் பார் போடப் போறேன். வளைவுல கார் சாயாதாம், வேகமா எடுக்கலாமாம்" என்றான். நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். கார் என் துறை இல்லை. ஆனாலும், "வேகமா எடுக்கலாம்" என்ற வார்த்தை எனக்கு உறுத்தியது. வேண்டாம் என்று தடுத்தால் எனக்குத் தெரியாமல் எங்கேயாவது மாட்டிக்கொள்வான். "வா, நம்ம வீட்டிலேயே மாட்டுவோம். ஆனா அது என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும்" என்றேன்.

விஷயம் இதுதான். கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இடது வலது சக்கரங்களை ஓர் இரும்புத் தண்டால் இணைத்தால், ஒரு பக்கம் அமுங்கும்போது தண்டு முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். உடல் சாய்வது குறையும். மைவியின் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் பீம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் முறுக்கிக்கொண்டு இதே வேலையைக் கொஞ்சம் செய்கிறது. நாம் போடும் பார் அதற்குக் கூடுதல் பலம். தண்டு சற்றே தடித்தாலும் விறைப்பு பல மடங்கு கூடும். 16 மில்லிமீட்டர் தண்டை 19 ஆக்கினால் முறுக்கத் தேவையான விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆனால், பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பார் புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. குடும்பக் கடனில் அண்ணன் பங்கைக் குறைத்துத் தம்பி தலையில் வைப்பதுபோல, முன் டயர்கள் சுமப்பதில் ஒரு பகுதியைப் பின் டயர்களுக்கு மாற்றுகிறது. மைவி முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார். வேகமாகத் திருப்பினால் மூக்கு வளைவின் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். பின்னால் பார் இருந்தால் அது குறைந்து, ஸ்டீரிங் சொன்னபடி கேட்கும். அதற்கான விலையைப் பின் டயர்கள் கொடுக்கின்றன. ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்துபோய் எண்ணெயிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வால் பக்கம் வழுக்கிக்கொண்டு போகலாம். வழுக்கலைத் தானாகத் திருத்தும் மின்னணுக் கட்டுப்பாடும் அந்தப் பழைய மைவியில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, "உன் பின் டயரோட வயசு என்ன?" என்று கேட்டேன். முழித்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அவன் டயரில் 2316 என்றிருந்தது; 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் இன்னும் மிச்சம் இருந்தாலும், ரப்பர் காய்ந்து நுண்ணிய வெடிப்புகள் விட்டிருந்தன. காரை விற்றவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

தம்பியிடம் இருந்தது 800 ரிங்கிட். பார் வாங்கினால் டயருக்குப் போதாது. டயர் வாங்கினால் பாருக்கு மிஞ்சாது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவனே டயர் கடைக்குப் போய் நான்கையும் மாற்றிக்கொண்டு வந்தான். பாரை நான் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. முதல் நாள் இரவே துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தோம். அம்மா சாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து, "பொம்பளப் பிள்ள கார் அடியில படுக்கணுமா?" என்றார். பிறகு அவரே பழைய பாயைக் கொண்டுவந்து விரித்தார்.

வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவற்றையே தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. எனவே சமதரையில் நிறுத்தி, கியரை பார்க்கிங்கில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டுமே. காரை இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கி, உலுக்கிப் பார்த்த பிறகுதான் அடியில் போகலாம். தாங்கி இல்லையென்றால் வேலையும் இல்லை. செங்கல், மரக்கட்டை எதையும் நம்பாதீர்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் பீம் முறுக்கிக்கொண்டு நிற்கும். பாரின் துளைகள் நேர்படாது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்க வேண்டும். பாருடன் வரும் தாளில் எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று போட்டிருந்தால், அளவு காட்டும் ஸ்பேனரால் அந்த அளவுக்கே முறுக்குங்கள். முடித்த பின் பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள், புகைக்குழாய் ஆகியவற்றில் பார் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். சில நாள் ஓட்டிய பின் போல்ட்டுகளை மறுபடியும் சோதிப்பது அவசியம்.

எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அதில் பாதி, ஒரே ஒரு துருப்பிடித்த நட்டோடு நடந்த மல்லுக்கட்டு. தம்பி கை சிவக்கப் போராடினான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்த பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் ஒன்றாக உட்கார்ந்து பேசியது அன்றுதான். மலையில் தனியாக இருப்பது, சம்பளம், விட்டுவிட்டு வந்துவிடலாமா என்ற யோசனை எல்லாம் வந்தது. முகம் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். காரின் அடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சாயங்காலம் வெறும் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சாய்வு குறைந்தது தெரிந்தது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக உலுக்கியது. அதுவும் பாரின் வேலைதான்.

அடுத்த முறை வீட்டுக்கு வந்தவன், "கா, பாரைவிட மழையில டயர்தான் வித்தியாசம் தெரியுது" என்றான். சாப்பிட்டுவிட்டு, நான் சொல்லாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போல்ட்டுகளைச் சோதிக்கப் போனான். அம்மா டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.