கெயிட் பெல்ட், கோனியோமீட்டர், துண்டு

பிசியோதெரபி அசிஸ்டென்ட் படிப்பில் லேப் என்றால் அரைக்கால் சட்டை. பத்தொன்பது வயதுப் பையன், ஓட்டலில் தட்டு சுமந்து அலுத்துப்போன அம்மாள், ராணுவத்திலிருந்து வந்தவர். எல்லார் முழங்காலும் வெளியே.

எலும்பு முனையைத் தொட்டுக் கண்டுபிடி, ஐப்ரோ பென்சிலால் குறி. சாயங்காலம் பார்க்கிங்கில் கார் தேடும் பாதிப் பேர் காலில் கறுப்புப் பெருக்கல் குறி.

தொடுமுன் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். பக்கத்து சீட்டுத் தோழியானாலும்.

தொடையின் உள்பக்கம் என்றால் சிரிப்பு. கழுத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. ஏனோ.

கோனியோமீட்டர், மூட்டுக் கோணம் அளக்க. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், இரண்டு கை, நடுவில் வட்டம். முழங்கை 150 டிகிரி. தோள் 180. முழங்கால் 135. ஒரே முழங்காலை இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண். ஐந்து டிகிரி வரை யாரும் சண்டை போடுவதில்லை.

அளக்கலாம். அதை வைத்து என்ன கோளாறு என்று சொல்லக் கூடாது. பரிசோதனை, சிகிச்சைத் திட்டம், டிஸ்சார்ஜ் எல்லாம் பிசியோதெரபிஸ்ட் பாடு. அவர் படிப்பது டாக்டரேட், பட்டத்துக்கு மேல் மூன்று வருஷம். அசிஸ்டென்டுக்கு இந்தக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம். திட்டத்துக்குள் எடையைக் குறைக்கலாம், கூட்டலாம். முகம் வெளுத்தால் நிறுத்தலாம். திட்டத்தில் கை வைக்க முடியாது.

எப்போது கார் ஓட்டலாம் என்று நோயாளி கேட்பது நம்மிடம்தான்.

ஹாட் பேக். கேன்வாஸ் பைக்குள் களிமண். தொட்டித் தண்ணீர் 160 ஃபாரன்ஹீட்டுக்கு மேல். துண்டு ஆறிலிருந்து எட்டு மடிப்பு. நோயாளியைப் பையின் மேல் படுக்கவைக்காதே. ஐந்து நிமிஷத்தில் தோலைப் பார்.

பாடநூலில் தோல் சிவக்கிறது. என் கையில் சிவக்காது. வகுப்பில் கேட்டேன். "புறங்கையால் தொட்டுச் சூடு பார், எரிகிறதா என்று கேள்" என்றார் ஆசிரியை. படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிளினிக்குக்கு அனுப்பியதும் முதலில் கற்றுக்கொண்டது துண்டு மடிக்க. அதற்கும் அங்கே ஒரு முறை உண்டு, மடிப்பு வெளியே தெரியக் கூடாதாம்.

1918. இந்தத் தொழிலின் முன்னோடிகள், முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்தவர்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் பயிற்சி கொடுத்த பெண்கள். மேரி மெக்மில்லன் அதில் ஒருவர். பதவிப் பெயர் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்ட்.

அசிஸ்டென்ட் படிப்பு தொடங்கியது 1967இல், மயாமியிலும் மினியாபொலிஸிலும். 1969இல் முதலில் வெளியே வந்தவர்கள் 15 பேர்.

வீல்சேர் பிரேக் போடாமல் நோயாளியை எழுப்பினால் அந்த இடத்திலேயே ஃபெயில். மீதியெல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்திருந்தாலும். தேர்வு நாளில் வராந்தா முழுக்க முணுமுணுப்பு. பிரேக், கால்தாங்கி, பெல்ட். பிரேக், கால்தாங்கி, பெல்ட்.

பஸ்ஸில் யாரோ ஏற்றிய குழந்தை வண்டி. கண் நேரே பிரேக்குக்குப் போகிறது.

கெயிட் பெல்ட் நோயாளியின் இடுப்பில். கீழிருந்து பிடி, உள்ளங்கை மேலே பார்க்க. பேன்டைப் பிடிக்காதே. விழப்போகிறவரை நிமிர்த்திவிடப் பார்க்காதே, உன் காலில் சரியவிட்டுத் தரையில் இறக்கு. இதற்கென்றே ஒரு வகுப்பு. ராணுவக்காரர் ஆறடிக்கு மேல். அவரை இறக்கியது ஓட்டல் அம்மாள்.

தேர்வில் ராணுவக்காரர்தான் பக்கவாத நோயாளி. வலக்கையை மடியில் போட்டுவிட்டார், உதடு ஒரு பக்கம் தொங்கல். நடிப்புக்கு மார்க் கிடையாது. முடிந்ததும் வாழ்த்துச் சொல்ல நீட்டியது இடக்கை.

வெளிநோயாளர் பில்லில் ஒரு யூனிட் என்பது 15 நிமிஷம். எட்டு நிமிஷம் ஆகிவிட்டால் அரசுக் காப்பீடான மெடிகேர் அதை ஒரு யூனிட்டாக எடுத்துக்கொள்ளும். 23 ஆனால் இரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்ப்பது எப்படி? அது சிலபஸில் இல்லை.

2022 ஜனவரியிலிருந்து அசிஸ்டென்ட் கை பட்ட சிகிச்சைக்கு மெடிகேர் தருவது வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான். பில்லில் சி.க்யூ. என்று இரண்டு எழுத்து சேர்க்க வேண்டும். நோயாளிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ரப்பர் பட்டை: மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. போகப் போக இறுக்கம். மஞ்சளை நீட்டினால் ஆண்கள் முகம் சுண்டிப்போகிறது. பெண்கள் நிறத்தைக் கேட்பதே இல்லை, எத்தனை தடவை இழுக்க வேண்டும் என்பார்கள்.

கைத்தடி நோகிற காலுக்கு எதிர்க் கையில். சினிமாவில் பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். இனி எந்தப் படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

படி ஏற நல்ல கால் முதலில், இறங்க நோகிற கால். இங்கே மனப்பாடம் செய்யச் சொல்லித்தருவது: நல்லது சொர்க்கத்துக்கு, கெட்டது நரகத்துக்கு. இடுப்பு மாற்றிக்கொண்ட கிழவி ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "என் கால் எதுவும் நரகத்துக்குப் போகாது, வேறு சொல்" என்றாள்.

லைசென்ஸ் தேர்வின் அளவுகோல் 200இல் தொடங்கி 800 வரை. 600 வந்தால் பாஸ்.

திங்கள்: ரத்த அழுத்தம். யாரிடம் இரண்டு ஸ்டெதாஸ்கோப் இருக்கிறதென்று கேட்க வேண்டும்.