அக்கரைப்பற்றுக்கு எந்த பைக்?

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

அஸருக்குப் பிறகு ராத்தாவின் மகன் வந்தான். அடுத்த மாதம் நிக்காஹ். பெண் அக்கரைப்பற்று. நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவான், வேலை மட்டும் கல்முனையில் தொடரும். யமஹா ஆர்15-ஐ விற்றுவிட்டு என்னுடைய அவெஞ்சர் போல ஒன்று எடுக்கலாமா என்று அவனுக்கு யோசனை.

"மாமா, ஒரு கிழமைக்கு மாத்தி ஓடுவம். மறுகா நீங்க என்ன செல்றீங்களோ அதத்தான் எடுப்பன்."

என் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இந்த பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் புது வண்டியின் விலை அவன் சம்பளத்துக்கு எட்டாது. பழையதில்தான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டின் கணக்கையும் ஒரே தாளில் எழுதினேன். அவெஞ்சர் 220 சீசீ, ஆர்15 155 சீசீ. பெரியதுக்குத்தான் பெலம் கூட என்று எல்லாரும் நினைக்கிறோம். தாளில் இரண்டும் ஏறக்குறைய 19 குதிரைவலுவில் வந்து நிற்கின்றன! வித்தியாசம், அந்த வலு எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதில். அவெஞ்சர் நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்குள் இருப்பதையெல்லாம் தந்துவிடும். ஆர்15-ஐ 10,000 வரை ஏற்ற வேண்டும். இழுவை அவெஞ்சருக்கு 17.5 நியூட்டன் மீற்றர், மற்றதுக்கு 15 அளவில். மூன்றாம் பதிப்பு ஆர்15-இல் 7,400 சுற்றைத் தாண்டியதும் உள்வால்வுகள் வேறு கேமுக்கு மாறி அகலத் திறக்கும். அதற்குப் பிறகுதான் அதன் உண்மையான பிக்கப்.

எடை அவெஞ்சருக்கு 160 கிலோ அளவில், ஆர்15-க்கு 140. சீட்டின் உயரம் 737 மில்லிமீற்றர், 815 மில்லிமீற்றர். இரு சக்கரங்களுக்கும் இடையிலான நீளம் அவெஞ்சருக்கு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர், ஆர்15-க்கு 1,325 மில்லிமீற்றர்.

அவெஞ்சரும் குரூஸர்தான், ஆனால் உலகம் பவர் குரூஸர் என்று சொல்வது வேறு ஜாதி. 1985-இல் யமஹா வீமேக்ஸை 1,198 சீசீயில் நான்கு சிலிண்டரோடு இறக்கியது. இன்றைய ட்ரையம்ப் ரொக்கெட் 3-க்கு 2,458 சீசீ. கல்முனை பஸாருக்குள் அதை வைத்து யார் கிறுக்குவது? நமக்கு வாய்த்த பாரமான வண்டி அவெஞ்சர்தான். அதன் வம்சமும் சின்னதல்ல. கவாசாகியின் எலிமினேட்டரை பஜாஜ் 2001-இல் இந்தியாவில் விற்றது. அந்த நீண்ட, தாழ்ந்த உடம்புக்குள் பல்சரின் எஞ்சினை வைத்து 2005-இல் அவெஞ்சர் ஆக்கினார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் ஆர்15-இல் மருதமுனை போய்த் திரும்பினேன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஊருக்கு ஊர் இடைவெளி குறைவு, கடையும் பள்ளிவாசலும் பாடசாலையும்தான். பாதைக்கு நடுவில் மாடு, சொல்லாமல் திரும்பும் ஓட்டோ. இந்தப் பாதையில் ஆர்15 அருமையான வண்டி. கண் போன இடத்துக்கு முன்சக்கரம் போகிறது. ஐஸ் பெட்டியோடு வந்த மீன்காரரின் சைக்கிள் குறுக்கே விழப் பார்த்தது. பிரேக்கைத் தொட்டு, விலகி, திரும்ப நேரே வந்துவிட்டேன். முன்னும் பின்னும் டிஸ்க். அவெஞ்சருக்குப் பின்னால் டிரம்தான், அதோடு அந்த நீளத்தை அவ்வளவு சுருக்காக வளைத்தெடுக்க ஏலாது. பிரேக்கில் ஆர்15 ஒரு படி மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது. கைப்பிடி தாழ்ந்திருப்பதால் மெதுவாக ஓடும்போது உடம்பின் பாரமெல்லாம் கையில் இறங்குகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மனைவியை ஆர்15-இல் சாய்ந்தமருதுக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன். பின்சீட்டைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இரிக்கிற? பூனை இரிக்கத்தான் காணும்."

இருந்துதான் பார்த்தாள். சீட் உயரம், பிடிக்க இடமில்லை, பிரேக் போடும்போதெல்லாம் என் முதுகில் வந்து மோதினாள். எனக்குப் பயம் அவளுடைய அபாயாவில் இருந்தது. துணி செயினிலோ சில்லிலோ அகப்பட்டுப் பெண்கள் விழுந்த கதை இந்தக் கரையில் எந்த ஊரிலும் உண்டு. அபாயாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, மெதுவாகவே போய்வந்தேன். அவெஞ்சரின் பின்சீட் அகலம், தாழ்வு, முதுகுக்குச் சாய்மானமும் உண்டு. ஆனாலும் அதிலும் அபாயாவைக் கவனிக்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மருமகன் அவெஞ்சரில், நான் ஆர்15-இல், அக்கரைப்பற்று வரை போனோம். நிந்தவூர் தாண்டி களியோடைப் பாலத்துப் பக்கம் இருபுறமும் வயல். சிறுபோக வெட்டு நடக்கிறது. பாதையின் ஓரத்தில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள், வெட்டு மெஷின் போன இடமெல்லாம் வைக்கோல் தூசு. கச்சான் காற்று வயலுக்கு மேலால் பக்கவாட்டில் அடித்தது. ஆர்15-இன் முகப்புத் தகட்டில் காற்றுப் பட்டதும் வண்டி கடல் பக்கமாக ஒதுங்குகிறது, நெல்லுக்குள் முன்சில்லு ஏறாமல் பிடித்து நிறுத்தியபடியே ஓட வேண்டியிருந்தது. முன்னால் போன அவெஞ்சர் அசையவில்லை.

அட்டாளைச்சேனையில் தேநீர் குடித்துவிட்டு வண்டியை மாற்றினோம். என் வண்டியில் ஏறியதும் கால் இரண்டும் தரையில் பதிந்தது. 60-இல் எஞ்சின் சும்மா உருண்டுகொண்டு வந்தது, கியர் குறைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பெற்றோல் ஆர்15-தான் மிச்சம் பிடிக்கும். 2022 ஆகஸ்டில், பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தபோது அவன் அந்த வண்டியில் ஊரெல்லாம் சுற்றினான். நான் நடந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அவனுக்குச் சொல்லிவிட்டேன். மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையில் தனியே ஓடுவதாக இருந்தால் ஆர்15-ஐக் கொடுக்கவே விட்டிருக்க மாட்டேன். இனி தினமும் அக்கரைப்பற்றிலிருந்து 25 கிலோமீற்றர் வரவும் போகவும் வேண்டும், பின்னால் பெண்சாதியும் இருப்பாள். பாரமானதையே எடுக்கட்டும். பின் டிரம் எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்று வெறும் பாதையில் பழகிக்கொண்ட பிறகுதான் அவளை ஏற்ற வேண்டும்.

வாங்கப் போகும்போது நானும் வருவேன் என்றேன். கடற்கரை வீட்டில் நின்ற வண்டி என்றால் முன் போர்க்கின் குழாயை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று அரித்துப் புள்ளி விழுந்திருந்தால், அது ஒயில் சீலை அறுத்துவிடும். சைலன்சரின் குரோமுக்கு அடியிலும் துரு பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு இரண்டு பிளக். ஒன்றை மட்டும் மாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒயில் கூலரில் நெல் தூசு அடைத்திருக்கும். செயின் கவர் இல்லாத வண்டியை விலை பேசவே வேண்டாம்.

ஆர்15-ஐ வாங்க மருதமுனையில் ஒரு பையன் தயாராக இருக்கிறானாம். வியாழக்கிழமை பணத்தோடு வருகிறான்.