தென்னந்தோப்பில் ஒரு புதர்வெட்டி

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைச் சாரலை ஒட்டிய தென்னந்தோப்புகளில் மழைக்குப்பின் இடுப்பளவு மண்டிவிடும் புல்லையும் பார்த்தீனியத்தையும் உண்ணிச்செடியையும் அழிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், தன் சக்கரங்களில் தானே நகர, பின்னால் ஒருவர் கைப்பிடியைப் பற்றி நடந்து செலுத்தும் புதர்வெட்டி யந்திரம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதை ஓட்டுவோரின் தொழிலை நேரில் அறியும் விருப்பத்துடன் அத்தகைய தோப்பொன்றுக்குச் சென்றிருந்தேன்.

ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். யந்திரத்தை வரப்போரம் நிறுத்திவிட்டு, கழியால் புல்லைத் தட்டியபடியே வெட்டவேண்டிய இடம் முழுவதும் நடந்து, மறைந்துகிடந்த கருங்கல், உதிர்ந்த தேங்காய், காய்ந்த மட்டை, அறுந்த கம்பித்துண்டு யாவற்றையும் பொறுக்கி, சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஒதுக்கி, அகற்றமுடியாத அடிக்கட்டைகளில் துணி கட்டி அடையாளம் செய்தார். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிஷத்துக்கு 2,500 முறை சுழலுமானால், அதன் முனை விநாடிக்கு ஏறக்குறைய 78 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதில் அடிபட்டுத் தெறிக்கும் கூழாங்கல் கண்ணைப் பறிக்கப் போதுமானது. வேலை நடக்கையில் ஆடு மேய்க்கும் சிறுவர்களைக்கூட அவர் அருகே அண்டவிடவில்லை.

"கைய விட்டா வண்டி நின்னுருமுங்க, பிளேடு ஒடனே நிக்காதுங்க" என்றார் அவர். இத்தொழிலின் மர்மஸ்தானம் இதுவே. அமெரிக்காவில், நடந்து செலுத்தும் வீட்டுப் புல்வெட்டிகளில் பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றாகவேண்டும் என்ற விதி 1982 முதல் அமலில் இருக்கிறது. கனத்த பிளேடு கொண்ட புதர்வெட்டியோ அதனினும் கூடுதல் நேரம் சுழன்றுகொண்டிருக்கக்கூடும். கொடி சிக்கிக்கொண்ட சமயத்தில் அவர் எஞ்சினை அணைத்து, பிளேடு முற்றிலும் ஓய்ந்ததைக் கண்டபின், பிளக் ஒயரையும் கழற்றிவைத்துவிட்டே தடித்த கையுறையுடன் கீழே குனிந்தார். அவசரத்தில் காலால் உதைத்துச் சிக்கலை எடுக்க முயல்வோரும், பிடி அமுங்கியே இருக்கட்டுமென்று அதைக் கயிற்றால் கட்டிவிடுவோரும் உண்டென்று கேள்விப்பட்டு மனம் பதைத்தேன். விழுந்துவிட்டவனை விட்டு விலகி நிற்கவேண்டிய யந்திரத்தை அவன்மேலேயே ஏவுகின்ற காரியம் அந்தக் கயிறு.

சரிவில் அவர் மேலும் கீழுமாக ஓட்டாமல் குறுக்காகவே ஓட்டினார். ஈரப்புல்லில் வேலையைத் தள்ளிப்போட்டார். பின்னோக்கி இழுக்குமுன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பெட்ரோல் ஊற்றுவதும் எஞ்சின் ஆறிய பிறகுதான்.

ஆயினும் அவர் காலில் இருந்தது தேய்ந்த ரப்பர்ச் செருப்பு. காதை அடைக்கத் துண்டைச் சுற்றியிருந்தார். அதன் நுனி தொங்காதபடி சட்டைக்குள் செருகியிருந்தார். கண்ணாடி இல்லை. கூலியைப் பற்றிக் கேட்டபோது, யந்திரம் ஓடும் மணிக்கு மட்டுமே கணக்கு என்றும், கல் பொறுக்கும் நேரத்துக்குக் காசில்லை என்றும் தெரிவித்தார். இது அநியாயம். எந்த நேரத்தில் அவருடைய ஜாக்கிரதை மிகுதியும் உழைக்கிறதோ, அந்த நேரத்துக்கே ஊதியம் மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டால் அந்த ஜாக்கிரதையைக் குறைத்துக்கொள்ள எவருக்கும் தோன்றாதா?

தோப்பு உடையவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: யந்திரம் வாங்கும்போதே ஓட்டுபவருக்குக் கனத்த பூட்ஸும் கண்ணாடியும் காதடைப்பும் வாங்கிக் கொடுங்கள், அவர் கழியுடன் தோப்பைச் சுற்றிவரும் நேரத்தையும் கூலியில் சேர்த்துக் கொடுங்கள்.